கோடைக்கு மட்டும் வரும் பேய்

குழாய் ரிப்பேர்காரர் அன்று காலை கண்ணாடி முன்னால் நின்று ஒரு சபதம் போட்டார். சாயங்காலத்துக்குள் பெண்டாட்டியைப் பேய் காட்டிப் பயமுறுத்தியே தீருவது. அதில் ஒரே ஒரு சிக்கல். பேய் என்றால் அவருக்குத்தான் உயிர் போகும்.

விஷயம் இதுதான். தபால் ஆபீஸில் பதினாறு வருஷம் முத்திரை குத்திய மனைவிக்கு அதிகாரியாகப் பதவி உயர்வு வந்திருந்தது, கடலோரத்து ஊர் ஒன்றில். திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். அவள் போனால் அவரும் மூட்டை கட்ட வேண்டும். இங்கே தெருவுக்கு நாலு வீடு அவரை நம்பித்தான் குளிக்கிறது. அங்கே அவரை எந்த நாய்க்குத் தெரியும்? இந்த வயசில் ஈ ஓட்டுவதா? ஆனால் 'போகாதே' என்று நேராகச் சொல்லும் தைரியம் அவர் வம்சத்தில் எந்த ஆணுக்கும் இருந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் சலூன்காரர் காதில் ஓதினார். அந்த ஊரில் பேய் உண்டாம். கோடையில்தான் வருமாம். இவர்கள் குடிபோகப் பார்த்திருந்த வீட்டிலேயே இருக்கிறதாம், நடுப்பகலில் முனகுமாம்.

"வீட்டை ஒரு தடவை நேர்ல பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணேன்" என்றார் மனைவியிடம்.

"சரிங்க, போலாம்."

அவருக்குத் திக்கென்றது. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை.

பஸ்ஸில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"ஏங்க இப்படி வேர்க்குது?"

"வெயில்."

"கை நடுங்குதே?"

"பஸ் ஆடுது."

"பஸ் நின்னு அஞ்சு நிமிஷம் ஆச்சுங்க. இறங்குங்க."

வீட்டுக்காரம்மா சாவியை நீட்டினாள். உள்ளே வரமாட்டாளாம். பளிச்சென்ற வீடு. சமையலறை ஜன்னலில் கடல். அவர் சுவரை ஒட்டி ஒட்டியே நடந்தார். மணி பன்னிரண்டு. குளியலறைக்குள்ளிருந்து 'ஊஊஊ' என்று யாரோ நீளமாக முனகினார்கள். அடுத்து சுவருக்குள் டக், டக், டக்!

அவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். மனைவியோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

"ஐயோ, எனக்குப் பயமா இருக்குங்க! இந்த ஊரும் வேண்டாம், பதவியும் வேண்டாம். வாங்க, போயிடலாம்!"

ஜெயித்துவிட்டார்! அந்தப் பயத்திலும் மனசு துள்ளியது. மனைவியை இழுத்துக்கொண்டு வாசல்வரை ஓடினார். அப்படியே பஸ் ஏறியிருந்தால் மனுஷன் பிழைத்திருப்பார்.

"இந்த ஊர் குழாய்க்காரர் வந்து பார்த்தாராம்" என்று மூக்கை உறிஞ்சினாள் மனைவி. "குழாய்ல ஒரு கோளாறும் இல்ல, இது பேய்தான்னு சொல்லிட்டாராம்."

அவர் கால் நின்றது.

"யார் அவன்?"

"பெரிய கைங்கறாங்க. வாங்க, பஸ் போயிடும்."

"குழாயைக் கழட்டிப் பார்த்தானா?"

"எந்தக் குழாய்க்காரனாலயும் ஆகாதுன்னாராம். உங்களால முடியாதுன்னு நான் சொல்லலீங்க."

அவ்வளவுதான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சட்டைப்பையில் ஸ்பேனரோடு போகிற மனுஷர் அவர். பயத்தில் பல் கிடுகிடுக்க, கோபத்தில் காது சிவக்க, அதே குளியலறைக்குள் நுழைந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டே குழாயைத் திருகினார். கால்மணி நேரம். முனகல் நின்றது. டக் டக் நின்றது. அவர் தலை மட்டும் வெளியே வந்தது.

"பேயாவது, பிசாசாவது! வாஷர் தேஞ்சிருக்கு, கிளாம்ப் கழண்டிருக்கு. கோடையில தண்ணி விட்டு விட்டு வருது. குழாய்க்குள்ள காத்து புகுந்து ஊளையிடுது, குழாய் ஆடிப் போய்ச் சுவத்துல இடிக்குது. இதைக் கண்டுபிடிக்கத் தெரியல, அவனெல்லாம்..."

சொல்லும்போதே அவர் குரல் தேய்ந்தது. என்ன காரியம் செய்துவிட்டோம் என்று உறைத்தது.

"அப்பாடா, இப்பதான் எனக்குப் பயம் போச்சு" என்றாள் மனைவி. கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. சம்மதக் கடிதத்தில் கையெழுத்தே போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, எனக்கு இங்க யாரைத் தெரியும்?" அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் என்ன பண்ணுவேன்? இருபது வருஷத் தொழில்ம்மா!"

மனைவி பேனாவை மூடிவிட்டு அவர் தோளில் கை வைத்தாள்.

"அந்தக் கவலை எனக்கில்லையா? போன வாரம் அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு இங்கதான் வந்தேன். வீடு வீடா விசாரிச்சுட்டேன்."

அவள் தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்தாள். வாசலில் பதினோரு பேர், ஆளுக்கொரு கெட்டுப்போன குழாயோடு, வரிசையாக நின்றார்கள்.

"கிளம்புங்க. எதிர்வீட்டுப் பேய் காலையிலேர்ந்து உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கு."