டிரௌட் மீனும் நேர்ச்சைச் சேவலும்

பகல்கனவு காண்கிறவர்கள் கையில் கூர்மையான பொருள் எதையும் கொடுக்கக் கூடாது. எனக்கு ஒருவர் தூண்டில் கொடுத்தார். கொடுத்தவர் கப்பலேறிச் சீமைக்குப் போய்விட்டார். மாட்டிக்கொண்டது நான்.

நாடு விடுதலை பெற்றுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கீரிப்பாறைக்கு மேலே ஒரு வெள்ளைக்காரத் துரையின் ரப்பர் எஸ்டேட்டில் நான் கிளார்க். (வேலை: வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுதுவது, மீதி நேரத்தில் சன்னல் வழியே மேகம் பார்ப்பது. மீதி நேரம்தான் அதிகம்.) ஊருக்குப் புறப்படும் முன் துரை தன் தூண்டில் கம்பையும் ஒரு தகரப் பெட்டியையும் எனக்குத் தந்தார். பெட்டிக்குள் ஈக்கள். நிஜ ஈ இல்லை. சின்னத் தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி மாதிரிச் செய்தவை. அதைத் தண்ணீர்மேல் வீசினால் டிரௌட் என்கிற மீன் பூச்சி என்று நம்பித் தாவிக் கடிக்குமாம். மூணாறில் அப்படித்தான் பிடித்தாராம். நம் மலையோடையிலும் ஒரு பானை டிரௌட் குஞ்சு கொண்டுவந்து விட்டிருப்பதாகச் சொல்லிக் கண்ணடித்தார். அந்தக் கண்ணடிப்பின் அர்த்தம் எனக்குப் பிடிபட வெகுகாலம் ஆயிற்று.

அன்று முதல் கண்ணை மூடினால் டிரௌட். நான் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. அதனால் என் இஷ்டத்துக்கு வந்தது. வெள்ளி உடம்பு, அதில் சிவப்புச் சிவப்பாகப் பொட்டு. மூடுபனிக்குள் தண்ணீரை விட்டு எழும்பும், என்னை ஒரு பார்வை பார்க்கும், அவசரமே இல்லாமல் திரும்ப இறங்கும். தண்ணீர் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். விழிக்கும்போது உள்ளங்கை குளிர்ந்திருக்கும். அவ்வளவு அழகான ஒன்று என்னைத் தேடி வரும் என்று நம்பியதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்போடு கொஞ்சம் ஏக்கமும் வருகிறது.

ஒரே குறை, துரையின் ஈக்கள். எல்லாம் செத்த கொசு நிறம். இப்பேர்ப்பட்ட மீன் இதையா திரும்பிப் பார்க்கும்? நானே ஒன்று செய்வதென்று முடிவெடுத்தேன்.

என் மனைவி பொன்னம்மைக்குச் சொந்த ஊர் தடிக்காரன்கோணம். வீட்டுக்குப் பின்னால் ஆறு. தண்ணீர் மலையிலிருந்து கீழே வருகிறது, டிரௌட்டும் கூடவே வந்துதானே ஆக வேண்டும்? (கிளார்க் மூளை.) கல்யாணமாகி நாலே மாதத்தில், அவள் வீட்டு மாடன் கோவிலில் கொடைத் திருவிழாவுக்குப் போனபோது கம்பையும் கொண்டுபோனேன். முதல் நாள் மத்தியானம் எல்லோரும் கோவிலில் பந்தல் போட்டுக்கொண்டிருக்க, நான் தொழிலில் இறங்கினேன். பொன்னம்மையின் முகூர்த்தப் புடவையில், மடிப்புக்குள் மறைகிற ஓரமாகப் பார்த்து ஒரு சாண் சரிகையை உருவினேன். முற்றத்தில் கூண்டுக்குள் ஒரு சேவல் நின்றது. கழுத்தெல்லாம் பொன், வால் கருநீலத்தில் மின்னியது. நிறைய வால் இருந்தது. இரண்டு இறகு போனால் யாருக்குத் தெரியப்போகிறது? பிடுங்கிவிட்டு, சமாதானத்துக்கு ஒரு பிடி அரிசி போட்டேன்.

செய்து முடித்ததை ஈ என்று சொல்ல முடியாது. சப்பரம்.

மறுநாள் விடியலில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றேன். மலை தெரியவில்லை, அக்கரை தெரியவில்லை, பனி மட்டும் ஆற்றின்மேல் மெல்ல நகர்ந்தது. கனவில் கண்ட அதே இடம்போல இருந்தது. துரை வீசுகிற மாதிரியே நூலைத் தோளுக்குப் பின்னால் சுழற்றி, முன்னால் விட்டேன். சரிகை மினுங்கிக்கொண்டே போய் விழுந்தது. மறுபடி வீசினேன். நாலைந்து வீச்சில் கை தானாக ஆடத் தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டேன். தண்ணீர், பனி, நான்.

நூல் வெடுக்கென்று இழுத்தது.

வந்துவிட்டது என்று நினைத்தேன். இழுப்பு முன்னாலிருந்து வரவில்லை, முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது என்பதெல்லாம் அந்த நேரத்தில் உறைக்கவில்லை. தாவும் மீன் என்றுதானே துரை சொன்னார். பலங்கொண்ட மட்டும் இழுத்தேன்.

ஓர் அலறல் கேட்டது. மீனின் அலறல் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். படித்துறையில் மாமனார், பக்கத்தில் மச்சினன் தங்கப்பன். கொடைக்கு முன்னால் குளிப்பாட்டக் கொண்டுவந்த சேவல் தங்கப்பன் கையில். அதன் வால் முழுவதும் என் நூலின் நுனியில்.

"அத்தான், என்ன வேல செய்திய?" என்றான் தங்கப்பன்.

மாமனார் நூலைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். "இது மாடனுக்கு நேந்து விட்ட சேவலாக்கும், மாப்பிள்ள. இன்னைக்குக் குடுக்கணும். ஒரு தூவல் கொறஞ்சாலும் சாமிக்கு ஆகாது."

"எதுக்கு நேந்திய, மாமா?" என்றேன். (இதை நான் கேட்டிருக்க வேண்டாம்.)

நனைந்த வேட்டியோடு நிற்கும் என்னை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தார். "எம் மவளுக்கு நல்ல மாப்பிள்ள அமையணும்னு."

குடத்தோடு வந்த பொன்னம்மை குனிந்து, வாலுக்கு நடுவில் மின்னியதை விரலால் பிரித்தாள். "இது எஞ் சேலச் சரிகையில்லா?"

அந்த ஆறு என்னை அப்படியே கொண்டுபோயிருந்தால் நன்றாயிருக்கும் என்று இருந்தது. "வேற நல்ல சேவலா நான் கொண்டாறேன் மாமா. இன்னைக்கே குடுத்திரலாம்," என்றேன்.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். "அவசரமில்ல. நல்ல மாப்பிள்ள அமஞ்சா தாறேன்னுதான் நேந்தது. கொஞ்ச நாளு பொறுத்துப் பாத்துக்கிட்டு குடுப்போம். மாடனுக்கும் ஞாயம் தெரியும்."

நேர்ந்ததை விற்கவும் கூடாது, கறி வைக்கவும் கூடாது. அதனால் அந்தச் சேவல் கிழடாகிச் சாகும்வரை அந்த வீட்டிலேயே வாழ்ந்தது. வால் முளைத்தது, ஆனால் ஒருபக்கம் சாய்ந்து. என் தலை தெரிந்தால் வைக்கோல் போரில் ஏறிவிடும். டிரௌட் இப்போதும் கனவில் மட்டும்தான் வருகிறது. சேவல் வாலோடு வருகிறது.

மாமனார் காலத்துக்குப் பிறகு அந்த நேர்ச்சை பொன்னம்மை பொறுப்பில் வந்தது. ஒவ்வொரு கொடைக்கு முன்னாலும் பிள்ளைகள் கேட்பார்கள்: "அம்மா, இந்த வருசம் சேவலு குடுத்திரலாமா?" போன வருடம் அவள் காலொடிந்து கிடந்தபோது இரண்டு மாதம் கஞ்சி வைத்துக் கொடுத்தது நான், தலை வாரிப் பின்னிவிட்டது நான். இந்தத் தடவை நிச்சயம் என்று நம்பி, கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்திருந்தேன்.

பொன்னம்மை என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"ஆளு கொள்ளாம், மோசமில்ல," என்றாள். "எதுக்கும் இன்னும் ஒரு வருசங்கூடப் பாப்போம்."