கழற்ற முடியாத பல்செட்

பல் டாக்டர்கள் தங்கள் தவறுகளை வெளியே சொல்வதில்லை. நான் சொல்லிவிடுகிறேன். எப்படியும் மன்னார்குடியில் பாதிப் பேருக்குத் தெரியும்.

கிளினிக் திறந்த முதல் வருடம் அது. செல்லம்மாவுக்கு அறுபது வயது. முப்பது வருடமாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்த நிலத்திலிருந்து அவரை வெளியேற்ற நிலக்காரர் முயன்றார்; குத்தகைதாரர் பதிவேட்டில் தன் பெயரை ஏற்றச் சொல்லி இவர் தாசில்தாரிடம் மனுப் போட்டிருந்தார். போன வாய்தாவில் செல்லம்மா ஆவேசமாகப் பேசப்போக, கீழ்ப் பல்செட் துள்ளித் தாசில்தார் மேஜையில் விழுந்துவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தாராம். அந்தச் சிரிப்புதான் அவரை என்னிடம் அனுப்பியது.

தாடை எலும்பில் இரண்டு இம்ப்ளாண்ட் திருகி, அவற்றின் தலையில் பல்செட்டை அமுக்குப் பொத்தான்போல மாட்டுவது திட்டம். வேண்டும்போது கழற்றிக் கழுவலாம். (எனக்கு இதுதான் முதல் கேஸ். அவரிடம் சொல்லவில்லை.)

இம்ப்ளாண்ட் எலும்பில் பிடிக்க மூன்று மாதம் ஆனது. அடுத்த வாய்தா அன்று காலை, பொத்தானின் மேல்பாதியைப் பல்செட்டுக்குள் பதிக்க வேண்டியிருந்தது. பல்செட்டின் அடிக்குழியில் அக்ரிலிக் பசை வைத்துக் கடிக்கச் சொன்னேன். பசை அடியில் ஓடி இறுகாமலிருக்க, முதலில் இம்ப்ளாண்டின் கழுத்தைச் சுற்றிச் சின்ன ரப்பர் துண்டு போட வேண்டும். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவள் நான். துண்டு ட்ரேயிலேயே கிடந்தது.

பிடித்து இழுத்தேன். பல்செட் வரவில்லை, செல்லம்மாதான் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"நல்லா செட் ஆயிடுச்சும்மா. ரெண்டு நாள் இப்படியே இருக்கட்டும்" என்றேன்.

"பொய் சொல்லாதீங்க டாக்டரம்மா. மாட்டிக்கிச்சு, அவ்வளவுதானே?"

ஒப்புக்கொண்டேன். உடனே அறுத்து எடுக்கிறேன் என்றதற்கு அவர் சம்மதிக்கவில்லை. பதினொரு மணிக்கு வாய்தா.

குற்ற உணர்ச்சியில் நானும் கூடவே போனேன். வக்கீல் குறுக்கிட்டதும் செல்லம்மா அவர் பக்கம் திரும்பினார். "போன தடவ சிரிச்சீங்கள்ல? இன்னிக்கு முழுசாக் கேட்டுட்டுப் போங்க."

குறுவை, சம்பா, வெள்ளம் கொண்டுபோன வருடம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பல் இம்மியும் அசையவில்லை. குத்தகைதாரர் பதிவேட்டில் அவர் பெயர் ஏறியது.

மறுநாள் அறுத்து எடுக்க மூன்று மணி நேரம் ஆனது. புதுப் பல்செட்டை ஒழுங்காகவே செய்தேன். தினமும் கழற்றித் தேய்க்கிறார். உள்ளே தேயும் ரப்பர் வளையத்தை மாற்ற வருடம் தவறாமல் வருகிறார், காத்திருப்பவர்களுக்கு என் கதையையும் சொல்கிறார்.

வீட்டிலும் தப்ப முடியவில்லை. ஊறுகாய் பாட்டில் திறக்காவிட்டால் என் மகள் கேட்பாள்: "அம்மா, நீங்களா மூடுனீங்க?"

நான்தான் என்பேன், தலை நிமிர்ந்தபடியே.