நான் நிறுத்திய ஹோட்டல்

கேள்வி கேட்க வருகிறவள் எதையோ ஒளிக்கிறாள் என்று நினைப்பது மனித இயல்பு. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் மலை ஏறும் வழியில், ஒரு தோட்டத்துக் கிளப்பில், பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைக்கப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வருடங்கள் ஓடியும் கோபம் ஆறவில்லை. என் பக்கம் ஒரு பிழையும் இல்லை என்றே இன்றைக்கும் சொல்வேன். (ஹெல்மட் விஷயம் மட்டும் கொஞ்சம் அதிகப்படிதான். அதற்கு வருகிறேன்.)

அப்போது பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்றொரு பாடம். எங்கள் விரிவுரையாளர் வகுப்பை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒரு வேலை தந்தார். இடம் உண்மையாக இருக்க வேண்டும், திட்டம் கற்பனையாக இருக்க வேண்டும். அங்கே அப்படி ஒன்றைக் கட்டினால் தண்ணீர் என்னாகும், காடு என்னாகும், சனங்கள் என்ன சொல்வார்கள் என்று ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும்.

எனக்கு ஜோடி ரிஸ்னா. இருவரும் மாத்தளை டவுன்காரிகள். கற்பனைதானே, யார் வீட்டுக் காசு என்று நான் நாற்பது அறை ஹோட்டல் கட்டினேன். நீச்சல் தடாகம் வைத்தேன். மொட்டை மாடியில் ஹெலிகொப்டர் இறங்க இடம் விட்டேன்.

“ஹெலிகொப்டர் என்னத்துக்கு?” என்றாள் ரிஸ்னா.

“தாக்கம் கூடினாத்தான் மார்க்ஸ் கூடும்.”

இடம் தேடவே இல்லை. என் அம்மாவின் தம்பி சந்திரன் மாமா, ரிவர்ஸ்டன் ரோட்டோரம் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலே ஒரு சரிவு, சரிவில் ஒரு ஓடை, ஓடைக்குக் கீழே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள். ஆராய்ச்சிக்கு ஆராய்ச்சி, மாமா கடையில் ரோல்ஸுக்கு ரோல்ஸ்.

இப்போது ஹெல்மட். அப்பாவுக்கு டவுனில் ஹாட்வெயார் கடை. அங்கிருந்து மஞ்சள் ஹெல்மட் இரண்டு எடுத்துப் போனேன். கற்பனை ஹோட்டலிலிருந்து தலையில் எதுவும் விழப்போவதில்லை என்று ரிஸ்னா சொல்லிப் பார்த்தாள். படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்றேன். அதே காரணத்துக்காக ஓடைக்கரை நெடுகச் சிவப்புத் துணிக் கொடிகளையும் நட்டேன். அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு, பனிமூட்டத்துக்குள் தூரத்தைப் பார்த்து யோசிப்பதுபோல ஒரு படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் படத்தை இப்போது பார்த்தால் எனக்கே என்னைப் பிடித்துப் பொலிசில் கொடுக்கத் தோன்றுகிறது.

மாமாவுக்கு ஒரே பெருமை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், “எங்க அக்கா மக. இஞ்சினியரு” என்றார்.

“இஞ்சினியர் இல்ல மாமா. படிக்கிற புள்ள.”

“படிச்சிக்கிட்டே இஞ்சினியரு” என்று திருத்தினார்.

பிறகு லயத்துக்குப் போய்க் கேள்விகள் கேட்டோம். முதலில் அகப்பட்டவர் லெட்சுமி அக்கா. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, பாவம், வேலைக் களைப்போடு நின்று பதில் சொன்னார்.

“அக்கா, இங்க ஒரு ஹோட்டல் கட்டினா ஒங்களுக்கு என்ன பாதிப்பு வரும்?”

“எங்க தங்கச்சி கட்டப்போறாங்க?”

“கட்டப்போறாங்கன்னு சொல்லல. கட்டினான்னு கேக்குறேன்.”

“அந்தக் கொடி நட்டிருக்கே, அதுவரைக்குமா?”

“அது சும்மா படத்துக்கு. கட்டினா, பீலித் தண்ணி கொறையும்னு நெனைக்கிறீங்களா?”

லெட்சுமி அக்கா முகம் மாறிவிட்டது. ஓடையிலிருந்து குழாய் போட்டு வரும் அந்தப் பீலித் தண்ணீர்தான் ஐந்தாறு லயங்களுக்குக் குடிக்க, குளிக்க, எல்லாவற்றுக்கும். “அப்ப கொறையும்ங்கிறீங்க” என்றார். கூடையைக்கூட எடுக்காமல் விறுவிறுவென்று லயத்துப் பக்கம் நடந்துவிட்டார்.

நான் என்ன சொன்னேன்? கட்டினா. அந்த ‘னா’வில்தானே முழுப் பாடமும் இருக்கிறது! அன்று முழுக்க எத்தனை பேரிடம் எத்தனை ‘னா’ போட்டிருப்பேன்! ஒரு ‘னா’வையாவது யாராவது காதில் வாங்க வேண்டுமே.

முருகேசு அண்ணன் மட்டும் சந்தோஷப்பட்டார். லொறி ஓட்டிக்கொண்டிருந்தவர், இடுப்பு நோவால் வேலையை விட்டிருந்தார். “ஹோட்டலுக்கு ஒரு வாட்சர் வேணுமே. எம்பேர எழுதிக்குங்க” என்றார். எழுதாவிட்டால் நகரமாட்டார் போலிருந்தது. எழுதினேன். (சரி, அதுவும் கொஞ்சம் அதிகப்படிதான்.)

அடுத்த வாரம் மிச்ச வேலையை முடிக்கப் போனோம். பஸ் வளைவில் திரும்பும்போதே கூட்டம் தெரிந்தது. மாமா கடை முன்னால் கட்சிக் கூட்டம்போல ஆட்கள். தமிழிலும் சிங்களத்திலும் பெரிய பதாகை: ‘எங்கள் தண்ணீர் எங்களுக்கு! ஹோட்டல் வேண்டாம்!’ என் சிவப்புக் கொடிகள் ஆளாளுக்குக் கையில் பறந்துகொண்டிருந்தன.

“நல்லதுதானே, ஏதோ ஹோட்டலை எதிர்க்கிறாங்க” என்றேன். சத்தியமாக, எந்த ஹோட்டல் என்று எனக்கு உடனே விளங்கவில்லை.

ரிஸ்னா என் தலையிலிருந்த மஞ்சள் ஹெல்மட்டைப் பார்த்தாள். “அல்லாஹ்வே, அத மொதல்ல கழட்டு.”

கழற்றுமுன் பஸ் நின்றுவிட்டது. “வந்துட்டாங்க!” என்று ஒரு குரல். அவ்வளவுதான். எங்களைச் சுற்றி வளைத்து, மிக மரியாதையாக, “வாங்க மிஸ், வாங்க மிஸ்” என்று கிளப்புக்குக் கூட்டிப்போய்க் கதிரை போட்டு உட்காரவைத்தார்கள். கையில் பிளேன்டீயும் கொடுத்தார்கள். வாசலை மட்டும் அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

தோட்டத்துச் சங்கத் தலைவர் பெருமாள்தான் விசாரித்தார்.

“மொதலாளி யாரு?”

“மொதலாளின்னு யாரும் இல்லீங்க.”

அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். “மொதலாளி பேரச் சொல்ல மாட்டேங்கிறாங்க.”

“ஐயோ, ஹோட்டலே இல்லீங்க! கற்பனை!”

“ஹோட்டல் பேரு கற்பனையாம்” என்று பின்னால் யாரோ மற்றவருக்கு விளக்கினார்.

“எத்தன ரூம் தங்கச்சி?” என்றார் பெருமாள். நானும் படித்த பழக்கத்தில் சட்டென்று, “நாப்பது” என்றேன். ரிஸ்னா கண்ணை மூடிக்கொண்டாள். இல்லாத ஹோட்டலுக்கு எப்படி அறைக் கணக்கு இருக்கும் என்று பெருமாள் கேட்டார். அதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

கடைசி நம்பிக்கையாக, எங்கள் விரிவுரையாளரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். கிளப்புக்குள் சிக்னல் இல்லை. பின்னால் இருந்த பாறைமேல் ஏறினால் கிடைக்கும் என்றார்கள். நானும் ஏறினேன், பெருமாளும் ஏறினார், ஏற முடிந்தவர்கள் எல்லாம் ஏறினார்கள். ஸ்பீக்கரில் போட்டேன்.

“சேர், நாங்க ரிவர்ஸ்டன்ல இருந்து பேசுறோம். இங்க சனங்க எல்லாம்…”

“ஆ, ஹோட்டல்காரங்களா!” சேரின் உற்சாகமான குரல் மலையில் மோதித் திரும்பி வந்தது. “பொதுமக்கள் எதிர்ப்பு எப்படி இருக்கு? அதைச் சமாளிக்க வழி யோசிச்சீங்களா? அந்த ஓடையைத் திருப்பிவிடுறதைப் பத்தியும் மறக்காம எழுதுங்க!”

சிக்னல் போய்விட்டது.

பாவி மனிதர் கேட்டதெல்லாம் அறிக்கையின் அத்தியாயங்களைப் பற்றி. ஆனால் அதை அந்தப் பாறைமேல் நின்று யாருக்கு விளக்குவது?

கீழே இறங்கியதும் மாமா என் காதருகில் வந்தார். “நிறுத்திட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிரு புள்ள.”

“இல்லாத ஹோட்டல எப்படி மாமா நிறுத்துறது?”

“இல்லாததத்தான் புள்ள லேசா நிறுத்தலாம். சொல்லிட்டு வா, பஸ் போயிரும்.”

அவமானத்தில் காது சிவக்க, கதிரைமேல் ஏறி நின்றேன். “இங்க ஹோட்டல் கட்ட மாட்டோம்” என்றேன். விசில் பறந்தது. யாரோ சீனவெடி கொளுத்தினார்கள். அதை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

எல்லோரும் மகிழவில்லை. முருகேசு அண்ணன் பஸ் நிறுத்தம் வரைக்கும் பின்னாலேயே வந்து திட்டினார். “நாலு சனம் சத்தம் போட்டதும் பயந்துட்டீங்களே! எம்வேலை போச்சே!” இல்லாத வேலையை இழந்த மனிதருக்கு என்ன ஆறுதல் சொல்வது? மன்னிப்புக் கேட்டேன். நாற்பது அறையையும் நானே இடித்ததுபோல மனம் வலித்தது.

பஸ் வருவதற்குச் சற்றுமுன் லெட்சுமி அக்கா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“நல்லா இருப்பீங்க தங்கச்சி. நீங்க வந்துட்டுப் போனதில இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. தண்ணி இல்லாம புள்ளைங்கள வச்சிக்கிட்டு எங்க போறதுன்னு.”

“அக்கா, நான் அன்னிக்கே சொன்னேனே, சும்மாதான் அளக்குறோம்னு.”

“இங்க அளக்க வந்தவங்க யாருமே சும்மா அளந்துட்டுப் போனதில்ல தங்கச்சி” என்றார். குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என் கையில் ஒரு பொட்டலம் ஏலக்காயைத் திணித்தார்.

பஸ்ஸில் ஏலக்காய்ப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணை அத்தனை இரவுகள் விழிக்கவைத்தது என்னுடைய ஒரு வினாக்கொத்து. அவர் சிரித்தது எனக்கு முருகேசு அண்ணன் திட்டியதைவிட அதிகம் உறைத்தது. ஆனாலும் கோபம் போகவில்லை. இதற்குமுன் அங்கே வந்து அளந்துவிட்டுப் போனவர்கள் யார் யாரோ, அவர்கள்மீது வர வேண்டிய பயமெல்லாம் என் தலையில் இறங்கியிருந்ததே!

அறிக்கையில் பொதுமக்கள் எதிர்ப்பு என்ற அத்தியாயத்தை எங்களைப் போல யாரும் எழுதியிருக்க முடியாது. பதாகை, கூட்டம், சீனவெடிப் புகை என்று படம் படமாக ஒட்டினோம். சேர் புரட்டிப் பார்த்தார். “ஒரு கற்பனைத் திட்டத்துக்கு இவ்வளவு கூட்டமா? ஆட்களைச் சேர்த்து நடிக்க வச்சிருக்கீங்க” என்று சொல்லி மார்க்ஸைக் குறைத்தார். நான் வாதாடினேன். நீங்களே போனில் பேசினீர்களே சேர் என்றேன். “அதுவும் நடிப்பில சேர்ந்ததா?” என்றார். ரிஸ்னா என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இப்போது நான் மாத்தளையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எட்டாம் வகுப்பின் சத்தத்தையே என்னால் நிறுத்த முடியாது. ஆனால் மாமா விடவில்லை. கோடீஸ்வரன் ஒருவனின் ஹோட்டலைத் தனியாளாக நின்று தடுத்த மருமகள் என்று கடையில் என் பெருமையைப் பேசிப் பேசி, கேட்டவருக்கெல்லாம் என் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறார். டெலிபோன் கோபுரத்தை நிறுத்தச் சொல்லி யட்டவத்தையிலிருந்து அழைப்பு வந்தது. கல்லுடைப்பதை நிறுத்தச் சொல்லி ஒருவர் பேசினார். போன மாதம் ஒரு மனிதர் தன் மச்சினனின் கல்யாணத்தை நிறுத்தித் தரமுடியுமா என்று கேட்டார். நான் ஒவ்வொருவரிடமும் ஆதியோடந்தமாக விளக்குகிறேன். ஒருவரும் நம்புவதில்லை. பெரிய இடத்துக்குப் பயந்து மறுக்கிறேனாம்.

அதனால் வீட்டில் தெரியாத நம்பர் அடித்தால் என் கையில் போனைக் கொடுப்பதே இல்லை. என் கணவர்தான் எடுப்பார். வணக்கம்கூடச் சொல்வதில்லை.

“சொல்லுங்க, எத நிறுத்தணும்?”