லேபிள் இல்லாத நாற்பது டின்கள்

அலுவலகத்தில் சம்பளத்துக்குச் செய்யும் வேலையை ஒருவன் வீட்டிலும் செய்து காட்டப் புறப்பட்டால், வீடு தாங்காது. அனுபவித்துச் சொல்கிறேன்.

அறுபத்து நான்கில் நான் துறைமுகக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர் கிளார்க். வயது இருபத்தாறு. சரக்கு இருப்பு விஷயத்தில் சிங்கப்பூரிலேயே என்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு. (என் மேலதிகாரிக்கு அந்த நினைப்பு இருந்ததாகத் தெரியவில்லை.)

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் ஒற்றை அறை. அதில் நான், மனைவி பாக்கியம், என் தங்கை சரோஜா. பக்கத்து அறையில், நாங்கள் ஆ சிம் என்று கூப்பிடும் சீன அம்மா. சமையலறை இரண்டு வீட்டுக்கும் பொது.

அந்த வருஷம் சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் கலவரம் வந்து முதல் தடவை ஊரடங்கு போட்டபோது, எங்களிடம் இருந்தது கொஞ்சம் அரிசி, உப்பு, ஒரே ஒரு வெங்காயம். இரண்டு நாள் கஞ்சி குடித்தோம். வெங்காயத்தை மூன்றாக வெட்டி எனக்குப் பெரிய துண்டைக் கொடுத்த பாக்கியம் அப்போதே சொல்லிவிட்டாள்: "இனிமே இந்த வீட்டுல எப்பவும் பத்து நாளைக்குச் சாமான் இருக்கணும்."

அவள் வழி எளிமையானது. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து தினமும் இரண்டு கைப்பிடி திரும்ப எடுத்து வைப்பாள். வாரம் ஒரு பொட்டலம் பருப்போ புளியோ கூடுதலாக வாங்குவாள். செலவே தெரியாமல் சாமான் சேர்ந்துகொண்டு வந்தது. நான் அதோடு சும்மா இருந்திருக்கலாம்.

"என்னங்க, அரிசி போட்டு வைக்க மூடி உள்ள பெரிய டின் ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றாள்.

காசு கொடுத்து வாங்குவானேன் என்று, கிடங்கில் கிடந்த காலி மண்ணெண்ணெய் டின் ஒன்றைத் தூக்கி வந்து சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன்.

"வாசம் வருதேங்க?"

"அது டின்னோட வாசம். அரிசிக்கு ஏறாது" என்றேன், நிபுணர் குரலில்.

அடுத்த வாரம் பழைய சாமான் சந்தையில் என் வாழ்க்கையின் மிகச் சிறந்த பேரத்தை முடித்தேன். எங்கோ தண்ணீர் புகுந்ததில் லேபிள் எல்லாம் உரிந்துபோன உணவு டின்கள் நாற்பது. விலை கிட்டத்தட்ட இனாம். ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் அடுக்கினேன்.

"உள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் சரோஜா.

நான் ஒரு டின்னைக் காதருகே வைத்து ஆட்டினேன். கண்ணை மூடிக்கொண்டேன். "பட்டாணி" என்றேன். சாக்குக்கட்டியால் அதன் மேல் எழுதினேன். இப்படியே நாற்பதுக்கும் ஆட்டி, எழுதி, தனி நோட்டில் பட்டியலும் போட்டேன். பட்டாணி, காளான், பால், நெய். பாக்கியம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது சம்மதம் இல்லை என்று தெரிய எனக்கு இன்னும் பத்து வருஷம் பிடித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சரோஜாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கணேசன் செம்பவாங் கப்பல் பட்டறையில் ஃபிட்டர். கூட அவர் அம்மா மீனாட்சியம்மாள். முன்பு வந்த இரண்டு இடமும் தட்டிப்போயிருந்ததால் இது எப்படியாவது அமைய வேண்டுமே என்று வீட்டில் எல்லோருக்கும் தவிப்பு. இருந்த ரவை, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் கேசரியாகவும் பஜ்ஜியாகவும் மாறித் தட்டுக்குப் போய்விட்டன. சரோஜா தலையைக் குனிந்தபடி காப்பி கொடுத்தாள்.

அவர்கள் கிளம்ப எழுந்த நேரத்தில் கீழே ஒலிபெருக்கி கட்டிய போலீஸ் வண்டி போனது. மறுபடியும் கலவரம், மறுபடியும் ஊரடங்கு. யாரும் வெளியே போகக்கூடாது.

மீனாட்சியம்மாள் முகம் வெளுத்துவிட்டது. "செம்பவாங் எங்க இருக்கு, நாங்க எப்படிப் போறது?"

"கவலைப்படாதீங்கம்மா" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். "நம்ம வீட்டுல பத்து நாளைக்குச் சாமான் இருக்கு!" (இந்த வாக்கியத்துக்காகவே நான் ஊரடங்கை எதிர்பார்த்துக் காத்திருந்தேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.)

பாக்கியம் சேமித்த அரிசியை உலையில் போட்டாள். சற்று நேரத்தில் மாடி முழுக்க ஒரு வாடை.

"தம்பி, அடுப்புல மண்ணெண்ணெய் ஒழுகுதா?" என்றார் மீனாட்சியம்மாள்.

"இல்லம்மா" என்றேன். "அது அரிசி."

சோற்றைக் கொட்டினோம். சரி, டின்கள் இருக்கின்றனவே! நோட்டைப் பிரித்து, 'பட்டாணி' எடுத்துத் திறந்தேன். உள்ளே சர்க்கரைப் பாகில் லைச்சிப் பழம். அடுத்த பட்டாணியும் லைச்சி. 'நெய்' திறந்தேன். மஞ்சளாக, பளபளப்பாக உறைந்திருந்தது. வெற்றிக்களிப்போடு நீட்டினேன். மீனாட்சியம்மாள் விரலால் தொட்டு முகர்ந்தார்.

"தம்பி, இது தரைக்குப் போடுற மெழுகு."

கடைசி நம்பிக்கையாக 'காளான்' என்று எழுதிய உயரமான டின்னைத் திறந்தேன். பழுப்பு நிறத்தில் துண்டு துண்டாக, குழம்போடு, பார்க்க நன்றாகவே இருந்தது. கணேசன் ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்துவிட்டார். அப்போது சமையலறைக்கு வந்த ஆ சிம் எட்டிப் பார்த்து, மலாயில் கத்தினார்: "பாபி லா! இது பாபி!"

பன்றி இறைச்சி. வெள்ளிக்கிழமை. பெண் பார்க்க வந்த சைவக்கார அம்மாவின் முன்னால்.

நான் கட்டிலுக்கடியில், டின்களோடு டின்னாக ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். அப்போது ஒரு சத்தம். அதுவரை குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த சரோஜா, முந்தானையால் வாயைப் பொத்தியும் முடியாமல், வெடித்துச் சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். போச்சு, மூன்றாவது இடமும் போச்சு என்று நினைத்தேன்.

கணேசன் கரண்டியைக் கீழே வைத்தார். சரோஜாவையே பார்த்தார். பிறகு ஒரு டின்னை எடுத்து ஆட்டி, "இது என்னன்னு நீங்க சொல்லுங்க பார்ப்போம்" என்றார், அவளிடம். அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அண்ணன் பால்னு எழுதியிருக்காரு. அதனால பால் மட்டும் இருக்காது."

திறந்தார்கள். தக்காளி. இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

ஆ சிம்முக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த உயரமான டின்கள் அத்தனையையும் தன் அறைக்கு எடுத்துப் போய், பதிலுக்கு நல்ல அரிசி, தௌஃபூ என்ற சோயாக் கட்டி, ஒரு கட்டு கீரை கொண்டுவந்து வைத்தார். பாக்கியம் தான் சேர்த்த பருப்பையும் புளியையும் எடுத்தாள். மீனாட்சியம்மாள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கீரையை ஆய உட்கார்ந்தார். வெளியே தெரு வெறிச்சோடிக் கிடந்தது. உள்ளே தக்காளி ரசம் கொதித்தது. ஆ சிம்மும் வந்து உட்கார, ஆறு பேரும் அந்த ஒற்றை அறையில் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு சாப்பிட்டோம். கடைசியில் எல்லோருக்கும் லைச்சி. (இது எனக்கு முன்பே தெரியும் என்பதுபோல் பரிமாறினேன்.)

மறுநாள் ஊரடங்கைச் சில மணி நேரம் தளர்த்தியதும் கிளம்பினார்கள். படியிறங்கும்போது மீனாட்சியம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"பொண்ணைப் பிடிச்சிருக்கு தம்பி. சீரு, பாத்திரம் எதுவும் வேணாம். டின் மட்டும் குடுத்து அனுப்பிடாதீங்க."

கல்யாணம் தை மாதம் நடந்தது. பாக்கியம் இரண்டு கைப்பிடியிலிருந்து மறுபடி ஆரம்பித்து, ஆறே மாதத்தில் பத்து நாள் சாமானைச் சேர்த்துவிட்டாள். அந்த அலமாரியின் பக்கம் போக எனக்கு அனுமதி இல்லை.

சரோஜாவின் பிள்ளைகளுக்கு நான் 'டின் மாமா' ஆனேன். பிறகு அவர்களுடைய பிள்ளைகளுக்கும். சென்ற மாதம் சரோஜா வீட்டுக்கு வரப்போகும் புது மருமகள் தன் கையால் எழுதிய கல்யாண அழைப்பிதழ் வந்தது. உறைமேல் அழகான எழுத்தில் 'திரு. டின் அவர்கள், குடும்பத்துடன்' என்று இருந்தது. கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். மண்டபத்தில் அவளே ஓடிவந்து, "வாங்க மிஸ்டர் டின்" என்று பயபக்தியோடு காலில் விழுந்தபோதுதான் தெரிந்தது. என் பெயரே அதுதான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற யாரும் திருத்தவில்லை.