குத்தகைக் காரும் கடைசிப் பறிப்பும்

திண்டுக்கல்
18.6.2005

என் மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மாப்பிள்ளை இளஞ்செழியன் அவர்களுக்கு,

மாமனார் சுருளிவேல் எழுதிக்கொள்வது. குலசாமி புண்ணியத்தில் இங்கே நானும் உங்கள் அத்தை மூக்காயியும் சௌக்கியம். ஜெர்மனியில் ஆனி மாசத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நீங்களும் தமிழ்மதியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே விட்டுப்போன உங்கள் காரும் ஏறக்குறைய சௌக்கியம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் உங்கள் அத்தை பக்கத்தில் நின்றுகொண்டு இடையிடையே உண்மையைச் சொல்லிவிடுகிறாள்.

ஒட்டன்சத்திரத்தில் இருக்கும் உங்கள் அப்பா கேட்டும் கொடுக்காமல் சாவியை என் கையில் கொடுத்து, "மாமா, இது கம்பெனியில எனக்கு லீஸுக்கு எடுத்துக் குடுத்த வண்டி. ஜூன் கடைசியில லீஸ் முடியுது. அதுவரைக்கும் நீங்கதான் பாத்துக்கணும்" என்றீர்கள். அந்த வார்த்தைக்காகவே, உங்களுக்கு ஒரு பைசா நஷ்டம் வராமல் வண்டியை ஒப்படைத்துவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். என் மானமே அதில்தான் இருக்கிறது. லீஸ் என்றால் குத்தகை. நத்தத்தில் காலங்காலமாக மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுக்கிறவனுக்கு அதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எங்கள் தொழிலில் இரண்டே சட்டம். அடுத்தவன் மரத்துக்குக் காசு செலவழிக்கக் கூடாது, குத்தகை முடிவதற்குள் கடைசிக் காய்வரை பறித்துவிட வேண்டும். காருக்கும் அதேதானே.

சர்வீஸ் தேதி வந்ததும் ஷோரூமுக்குப் போனோம். சத்யபிரியா என்று ஒரு பெண் எங்களை ஏசியில் உட்கார வைத்து, காபி கொடுத்து, அடியில் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, மேலே பளபளக்க ஒரு பூச்சு, உள்ளே மணக்க ஒரு சென்ட், திருட்டுப் போகாமல் கியருக்கு ஒரு பூட்டு என்று அடுக்கிக்கொண்டே போனாள். "ஏம்மா, குத்தகைக்கு எடுத்த மரத்துக்கு எவனாச்சும் வெள்ளையடிப்பானா?" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. "அதெல்லாம் வேணாம்னா விட்டுருங்க சார். சர்வீஸ் மட்டும் பண்ணிக்கங்க. லீஸ் வண்டிக்கு அந்தச் செலவ கம்பெனியே குடுத்துரும், உங்களுக்கு ஃப்ரீ" என்றாள். அங்கேதான் நான் உஷாரானேன். காபியும் கொடுத்து வேலையும் ஓசியில் செய்கிறவன் இந்த ஊரில் எவன் இருக்கிறான்? "ஏங்க, ஓசின்னுதான அந்தப் புள்ள சொல்லுது, விட்டுத் தொலைங்களேன்" என்று உங்கள் அத்தை முழங்கையால் இடித்தாள். நான் காபியைக் குடித்துவிட்டு, வண்டியை நேராக நம் பிராங்க்ளினிடம் கொண்டுபோய்விட்டேன். தோப்பு மோட்டாருக்கெல்லாம் அவன்தான் வைத்தியர். காசு வாங்கிக்கொண்டுதான் வேலை செய்வான், அதனால் நம்பலாம்.

அவன் மூடியைத் திறந்து பார்த்து, "அண்ணே, ஆயில் தார் மாதிரி இருக்கு, மாத்திருவோம்" என்றான். "ஏலே, அடுத்தவன் எஞ்சினுக்கு எதுக்குலே புது ஆயிலு? வடிகட்டி ஊத்து" என்று என் பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் நம் தெருவுக்குள் வண்டியைத் திருப்பினால் பின்னால் ஒரே வெண்புகை. சனங்கள் பாத்திரத்தை மூடுகிறார்கள், பிள்ளைகளை உள்ளே இழுக்கிறார்கள். நகராட்சி கொசு மருந்து வண்டி என்று நினைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஜக்கம்மாள் ஓடிவந்து, "அண்ணே, கொல்லப்பக்கமும் ஒரு சுத்து வந்துட்டுப் போங்க, அங்கதான் கொசு அம்புட்டும்" என்று கேட்டுக்கொண்டாள். மறுக்க முடியவில்லை, போய் வந்தேன்.

சென்ட் வேண்டாம் என்றேன் அல்லவா, அதற்குப் பதிலாகத் தோப்பிலிருந்து மாம்பழக் கூடைகளைப் பின் சீட்டில் ஏற்றிவந்தேன். வண்டி என்னமாய் மணந்தது! ஆனால் பழத்தோடு முசுறு எறும்பும் குடும்பத்தோடு ஏறிவிட்டது. உங்கள் அத்தை கோயிலுக்குப் போக ஆசையாக உட்கார்ந்தவள் பேகம்பூர் தாண்டுமுன் கதவைத் திறந்து இறங்கி நடந்தே போய்விட்டாள். கியர் பூட்டுக்குப் பதில், தோப்புக் கேட்டின் சங்கிலியை எடுத்துவந்து பின் பம்பரை வாசல் வேப்பமரத்தோடு சேர்த்து நம்மூர்ப் பூட்டால் பூட்டினேன். மறுநாள் காலை அவசரமாகக் கிளம்பியதில் சங்கிலி ஞாபகம் வரவில்லை. வண்டி வந்துவிட்டது, பம்பர் மரத்தோடு நின்றுவிட்டது. பூட்டு மட்டும் துளி அசையவில்லை மாப்பிள்ளை, அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

லீஸ் முடிந்ததும் கம்பெனி ஆள் வருவான் என்பதால் போன வாரம் கடைசிப் பறிப்பையும் முடித்துவிட்டேன். தோப்பைத் திருப்பிக் கொடுக்கும் முன் மிச்சமுள்ளதை எல்லாம் உலுக்கி எடுப்பது எங்கள் வழக்கம். பாட்டுப் பெட்டி இப்போது அடுப்படியில் பாடுகிறது. பின் சீட்டைக் கழற்றி ஹாலில் போட்டிருக்கிறேன், உங்கள் அத்தையின் முழங்கால் வலிக்கு அதைப்போல ஒரு ஆசனம் கிடையாது. ஸ்டெப்னியைப் பிராங்க்ளினுக்குக் கூலியாகக் கொடுத்தேன், அவன் அதைத் தன் வேனில் மாட்டிக்கொண்டு வேளாங்கண்ணி போயிருக்கிறான். மரத்தை, அதாவது எஞ்சினையும் ஸ்டீயரிங்கையும், தொடவில்லை. ஒரே ஒரு சங்கடம்தான். குத்தகைக்காரன் காயைப் பறிக்கலாம், கிளையை ஒடிக்கக் கூடாது. பம்பர் காயா, கிளையா? கம்பெனி ஆள் கிளை என்று சொல்லிவிட்டால் பழி உங்கள் தலையில் விடியுமே என்று எனக்கு ராத்திரி தூக்கமில்லை. நீங்கள் அங்கிருந்தே ஒரு வார்த்தை பேசி, காய்தான் என்று ஒத்துக்கொள்ள வைத்துவிட்டால் நிம்மதியாக இருப்பேன்.

நீங்கள் இருவரும் பூ உதிராமல், புழு விழாமல், கொத்துக் கொத்தாய்க் காய்த்து நெடுங்காலம் நிற்க நானும் உங்கள் அத்தையும் ஆசீர்வதிக்கிறோம். உங்கள் அப்பாவுக்குப் போன் செய்தால் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பம்பரைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நம்பிக்கைக்கு என்றும் பாத்திரமான
மாமனார் சுருளிவேல்

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டி, கவரின் வாயை ஒட்டப் போகும்போது தமிழ்மதி போன் செய்தாள். "அப்பா, கம்பெனி ஆளு யாரும் வரமாட்டாங்க. மிச்சத்தக் கட்டி அவரே வண்டிய வாங்கிட்டாரு. ஆவணியில வர்ற ஒங்க அறுபதாங் கல்யாணத்துக்கு ஒங்க பேருக்கே மாத்தச் சொல்லிட்டாரு. ஒங்கட்ட சொல்லக் கூடாதுன்னு இம்புட்டு நாளா வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள். நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து, "சந்தோசத்துலயா, பம்பர நெனச்சா?" என்று உங்கள் அத்தை கேட்டாள். இரண்டும்தான் மாப்பிள்ளை. பெத்த மகன் இருந்திருந்தால்கூட எனக்கு இப்படிச் செய்திருப்பானா தெரியாது. இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடத்தான் நினைத்தேன். ஆனால் ஜெர்மனிக்கான தபால்தலையை ஒட்டியாகிவிட்டது, வீணாக்க மனசு வரவில்லை. மேலே உள்ளதைப் படிக்காமல் இதை மட்டும் படியுங்கள். உடனே ஷோரூமுக்கு ஓடினேன். சத்யபிரியா அதே காபியைக் கொடுத்தாள். அடிப்பூச்சு, மேல்பூச்சு, சென்ட், கியர் பூட்டு, புதுப் பம்பர், எல்லாவற்றையும் போடச் சொல்லிவிட்டு, இது இப்போது என் வண்டி என்று பெருமையாகச் சொன்னேன். "சர்வீஸ் ஃப்ரீதானம்மா?" என்றும் கேட்டுவைத்தேன்.

"இல்ல சார், லீஸ் வண்டிக்குத்தான் ஃப்ரீ" என்றாள்.