தேன்மொழியின் தகப்பனார் டிவி பார்த்த கதை

ஒரு காட்டில், பொந்துக்குப் பொந்து டிவி ஓடிக்கொண்டிருந்த காலத்தில், டிவி இல்லாத கரடிக் குடும்பம் ஒன்று இருந்தது. குடும்பத் தலைவர் பெயர் திருமேனி. மனைவி பொற்கொடி. ஒரே மகள் தேன்மொழி.

வசதி இல்லாமல் இல்லை. திருமேனிக்கு அறிவு கூடிப்போனதுதான் காரணம். டிவி வாங்குவது எப்படி என்று அவர் படிக்க ஆரம்பித்திருந்தார்.

இத்தனைக்கும் கரடிகளுக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. எதிரே இருப்பது கறையான் புற்றா, படுத்திருக்கும் காட்டெருமையா என்பதையே மோந்து பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஆனாலும் 4கே போதுமா, 8கே வேண்டுமா என்ற கேள்வி வந்த நாளிலிருந்து திருமேனிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். வாங்கி மாட்டிய பிறகு யாராவது வந்து, "அடடா, இதையா வாங்கினீங்க?" என்று கேட்டுவிடக் கூடாது.

இப்படி இருக்கும்போது தேன்மொழி பாறைத்தேன் போட்டியின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வானாள். ஆற்றுக்கு அக்கரையில் ஓர் இருட்டுக் குகை. அதன் உச்சியில் தொங்கும் தேனடையை, வழுக்குப் பாறையில் ஏறி முதலில் தொடுகிறவர்களுக்குக் கேடயம். கூட்டத்தைக் கண்டால் தேனீக்கள் மிரளும் என்று பார்வையாளர்களை விடமாட்டார்கள். டிவியில் நேரடியாகக் காட்டுவார்கள்.

"என்னங்க, இப்பவாவது ஒண்ணு வாங்கிப் போடுங்க" என்றாள் பொற்கொடி. "நம்ம பிள்ளை ஏறுறதை நம்ம வீட்டுல உக்காந்து பாக்கணும்."

"பாத்துடலாம். ஆனா அவசரப்பட்டு வாங்கற சாமான் இல்ல இது" என்றார் திருமேனி.

மறுநாள் கடைக்குப் போனார். கடைக்கார மரநாய் ஓடிவந்து வரவேற்றது.

"இது ஓஎல்இடி சார். ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கறுப்புன்னா அப்படி ஒரு கறுப்பு. உங்க முடியையே எடுத்து ஒட்டின மாதிரி."

திருமேனிக்குப் பெருமையாக இருந்தது. "குறை?"

"நல்ல வெளிச்சத்துல கொஞ்சம் மங்கும். ஒரே சேனலை விடாம ஓட்டினா, சேனல் சின்னம் திரையிலயே தழும்பா நின்னுடும்."

"தழும்பா? வேண்டாம்."

"அப்ப எல்இடி பாருங்க. பின்னாடி விளக்கு. பட்டப்பகல்லயும் ஜொலிக்கும்."

"குறை?"

"கறுப்பு கொஞ்சம் சாம்பலாத் தெரியும். ஓரமா உக்காந்தா வெளுத்துடும்."

"யோவ், என் மகள் கரடிய்யா! சாம்பலாத் தெரிஞ்சா சொந்தக்காரன் என்ன நினைப்பான்?"

"அப்ப மினி எல்இடிதான் சார் உங்களுக்கு. பின்னாடி குட்டிக் குட்டி விளக்கா நிறைய இருக்கும். வெளிச்சமும் உண்டு, கறுப்பும் உண்டு. என்ன, இருட்டுக்கு நடுவுல வெள்ளையா ஏதாவது வந்தா அதைச் சுத்தி லேசா ஒரு ஒளிவட்டம் தெரியும். சாமி படத்துல இருக்குமே, அந்த மாதிரி."

திருமேனி ஓரத்தில் ஜொலித்த பெரிய டிவியைக் காட்டினார். "8கேயா? அதுல எந்தச் சேனல் வருது?"

"இப்போதைக்கு ஒண்ணும் வரலை சார்."

"வாங்கினவங்க என்ன பாக்கறாங்க?"

"கடையில ஓடுற இதே பூப் படத்தைத்தான்."

"எந்தக் குறையும் இல்லாதது ஒண்ணுகூட இல்லையா?"

"அடுத்த வருஷம் வருது சார்" என்றது மரநாய். போன வருஷமும் அதையேதான் சொல்லியிருந்தது.

எவ்வளவு நேர்மையான வியாபாரி என்று திருமேனி உருகிப்போனார். வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

"எது வாங்கினீங்க?" என்று வாசலிலேயே கேட்டாள் பொற்கொடி.

"எல்லாத்தையும் தெளிவா விளங்கிக்கிட்டு வந்திருக்கேன்."

"அதை எந்தச் சுவத்துல மாட்டறது?"

திருமேனி உள்ளே போய்விட்டார். ரசனை இல்லாதவளோடு என்ன பேச்சு என்று நினைத்துக்கொண்டார்.

அதன் பிறகு தினமும் கடைக்குப் போனார். நின்று பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், திரையை நக்கியும் பார்த்தார். போட்டி நாளும் வந்துவிட்டது. திருமேனியின் குகைச் சுவர் மொட்டையாகவே இருந்தது. பொற்கொடி கிளம்பி, பக்கத்துப் பொந்து முள்ளம்பன்றி வேலாயுதத்தின் வீட்டுக்குப் போனாள். வேறு வழியில்லாமல் திருமேனியும் பின்னாலேயே போனார்.

வேலாயுதம் கடைக்குப் போன முதல் நாளே டிவி வாங்கியவன்.

"எதைப் பாத்து வாங்கின?" என்று திருமேனி ஒருமுறை விசாரித்திருந்தார்.

"பெட்டி நம்ம பொந்துக்குள்ள நுழையுமான்னு பாத்தேன் அண்ணே. நுழைஞ்சுது" என்று அவன் சொன்னதை அவர் பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அன்று வேலாயுதத்தின் வீட்டில் பாதிக் காடு கூடியிருந்தது. முயல்கள், மயில், மிளா மான், ஒரு யானையின் தும்பிக்கை மட்டும் என்று ஒரே நெரிசல். திரையில் தேன்மொழி ஏறிக்கொண்டிருந்தாள். இருட்டுக் குகை, கறுப்புக் கரடி, மார்பில் மட்டும் பளிச்சென்று வெள்ளைப் பிறை. எல்லாரும் கைதட்டினார்கள். பொற்கொடி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

முக்கால்வாசி ஏறியதும் தேன்மொழியின் பின்னங்கால் வழுக்கியது. ஒரு கை நழுவியது. மறு கையின் நகங்களில் மொத்த உடம்பும் தொங்கியது. பொந்தே மூச்சை அடக்கிக்கொண்டது.

திருமேனி எழுந்தார். நேராகத் திரைக்கு முன்னால் போய்க் குனிந்தார்.

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கத்தினார். "எல்லாரும் பாருங்க! அந்த வெள்ளையைச் சுத்தி!"

"என்னங்க, மறைக்காதீங்க! பிள்ளை தொங்குது!" என்று அலறினாள் பொற்கொடி.

"தொங்கட்டும்டி. ஒளிவட்டத்தைப் பாரு!"

அவர் விலகியபோது போட்டி முடிந்திருந்தது. தேன்மொழி கேடயத்தோடு நின்றாள். தொங்கிய பெண் எப்படித் தாவினாள், எப்படி அடையைத் தொட்டாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அவரைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை.

ஒரு முயல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ஆமா, என்னமோ புகை மாதிரி தெரியுதே" என்றது.

"நானும் ஆரம்பத்துலேர்ந்தே நினைச்சேன்" என்றது மயில்.

மிளா வேலாயுதத்தைப் பரிதாபமாகப் பார்த்து, "கடைக்காரன் ஏமாத்திட்டான்யா உன்னை" என்றது. அன்று வரை அந்த டிவியைப் பார்த்துச் சந்தோஷமாக இருந்த வேலாயுதம் முட்களெல்லாம் தொங்கிப்போய் மூலையில் உட்கார்ந்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் தேன்மொழி போன் செய்தாள். மூச்சு வாங்கியது. "அப்பா, பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. உன் மார்பு வெள்ளை கொஞ்சம் நீலம் அடிச்சுது."

"ஜெயிச்சுட்டேம்ப்பா" என்றாள்.

"அப்படியா? சபாஷ். அந்த நேரத்துல நான் ஒளிவட்டத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அம்மாகிட்ட குடுக்கட்டுமா?"

பொற்கொடி போனை வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். திருமேனிக்கு ஒரு நிமிஷம் மனசு என்னவோ செய்தது. அதற்குள் முயல்கள் சூழ்ந்துகொண்டு சந்தேகம் கேட்க ஆரம்பித்தன. மனசு சரியாகிவிட்டது.

அதற்கு அடுத்த நாள் காடே திருமேனி குகை வாசலில் வரிசை கட்டியது. ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய்த் தங்கள் டிவியை உற்றுப் பார்த்திருந்தார்கள். உற்றுப் பார்த்தால் குறைக்கா பஞ்சம்? மயிலின் டிவியில் நீலம் பச்சையாகத் தெரிந்தது. யானை வீட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவர்களுக்கு எல்லாம் வெளுத்துப்போனது. சிங்கராஜா தன் படத்தையே அரசவைச் சேனலின் மூலையில் வைத்திருந்தார். அது தழும்பாகி, எந்தச் சேனலுக்குப் போனாலும் ராஜாவே முறைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா வீட்டுல எந்த டிவி?" என்று பணிவாகக் கேட்டது மிளா.

"இன்னும் வாங்கலை" என்றார் திருமேனி.

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. தப்பான டிவி வாங்காத ஒரே ஆள் இந்தக் காட்டிலேயே இவர்தான்! சிங்கராஜா மாலை கொடுத்தனுப்பினார். அரசுத் திரை ஆலோசகர் என்று பட்டமும் வந்தது.

அந்த நேரத்தில்தான் தேன்மொழி கேடயத்தைச் சுமந்துகொண்டு ஊர் வந்து சேர்ந்தாள். வரிசையை ஒழுங்குபடுத்திய குரங்கு அவளை மறித்தது. "டோக்கன் வாங்கினியாம்மா?"

"நான் அவர் மகள்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. பின்னாடி போ."

வரிசையில் நின்று ஒருவழியாக உள்ளே வந்தாள். திருமேனி தலை நிமிரவில்லை. "எவ்வளவு தூரத்துல உக்காந்து பாப்பீங்க?"

"அப்பா."

திருமேனி மோந்து பார்த்தார். "அட, நீயா! அம்மா உள்ள இருக்கா, போ. கூட்டம் நிக்குது பாரு." அவள் நீட்டிய கேடயத்தை ஒரு பார்வை பார்த்து, "பளபளப்பு ஜாஸ்தி. ஜன்னல் வெளிச்சத்துல எதிரொளிக்கும்" என்றார்.

மறுநாள் காலையில் வேலாயுதம் டோக்கனோடு வந்தான். டிவியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டானாம், பார்க்கவே பிடிக்கவில்லையாம்.

"நேத்து சாயங்காலம் அண்ணியும் பாப்பாவும் வந்திருந்தாங்க அண்ணே. மறுஒளிபரப்பு பாக்கணும்னு அவங்களே டிவியைத் திருப்பி வெச்சுக்கிட்டாங்க. பாப்பா தொங்குற இடம் வந்ததும் அண்ணி அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. திரும்பத் திரும்ப அந்த இடத்தையே போட்டுப் பாத்தாங்க. நாலு தடவை அழுதாங்க."

திருமேனி நெஞ்சு நிறைந்து மாலையைச் சரிசெய்துகொண்டார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியது வீண்போகவில்லை.

"பின்ன? அந்த ஒளிவட்டத்தை யாரால தாங்க முடியும்?" என்றார்.

நீதி: டிவியில் வருவதைப் பார்த்து அழுகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள், டிவியைப் பார்த்து அழத் தெரிந்தவருக்கே மாலை விழும். ஆகவே பிள்ளை தொங்கும்போது திரையின் ஓரங்களைக் கவனி.