வில்லாளி வீட்டு முயல்கறி

சித்திரை வெயிலில் முயல் வேட்டைக்கு எவனும் கிளம்ப மாட்டான். நான் கிளம்பினேன். கொல்லைப்புறம் வரைக்கும்.

வேட்டை தை அறுப்புக்குப் பிறகுதான். ஆனால் சித்திரையிலேயே கையைப் பழக்குகிறவன்தான் வில்லாளி என்பது என் கட்சி. துப்பாக்கி இருந்தால் இந்தப் பாடு இல்லை. அதற்கு வெள்ளைக்காரச் சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். வில்லுக்கு யாரிடமும் கேட்க வேண்டாம், பெண்டாட்டியைத் தவிர.

அங்கேதான் வந்தது வினை.

போன தையில், வாடிப்பட்டி வயல்காட்டில், என் ஆயுளில் முதல் முறையாக ஒரு முயல் மேல் என் அம்பு பாய்ந்தது. நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அது செத்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு மதுரை வந்து, தெருவே பார்க்க நடந்து, என் மனைவி மெஹருன்னிசாவின் கையில் கொடுத்தேன். வாங்கினாள். வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அம்பு விடும்போது பிஸ்மில்லா சொன்னீங்களா?"

அல்லாவின் பெயரைச் சொல்லித்தான் அம்பை விட வேண்டும். நான் சொன்னதோ, "யாத்தே, மாட்டிக்கிச்சு!" என்பதுதான். இந்த விஷயத்தில் பொய் சொல்ல முடியுமா?

"மறந்துட்டேன் மெஹரு."

"அப்ப இது என் சட்டியில ஏறாது."

ஏறவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைத்துரையின் சட்டியில் ஏறியது. மிளகும் சீரகமும் போட்டு அவன் வதக்கிய வாசனை சுவரேறி வந்து, என் கத்தரிக்காய்க் குழம்பின் மேல் உட்கார்ந்துகொண்டது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நான் மறந்தது ஊருக்கே தெரிந்துவிடுமே!

போதாக்குறைக்கு மெஹருன்னிசாவின் அண்ணன், வாடிப்பட்டி நைனா முகமது, வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"மச்சான், அடுத்த அறுப்புக்கு நான் அடிச்ச முயல் இதே வீட்டுல வெந்து உங்க தட்டுக்கு வரும். வரலேன்னா என் வில்லை ஒடிச்சு அடுப்புல வச்சிடுறேன்!"

"மெஹரு, கேட்டுக்கிட்டியா?"

"கேட்டுக்கிட்டேண்ணே," என்றாள். அவ்வளவு சுருக்காக அவள் எதற்கும் சம்மதித்ததே கிடையாது. நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

சித்திரை பிறந்ததும் சாக்கில் வைக்கோல் திணித்து முயல் செய்தேன். அவளே இரண்டு காது தைத்துக் கொடுத்தாள். அப்படியே ஒரு கண்டிஷனும் போட்டாள்.

"ஒவ்வொரு அம்புக்கும் பிஸ்மில்லா என் காதுல விழணும். விழுந்தாத்தான் டீ."

"வயலுக்கு நீயா வரப்போறே, கேக்குறதுக்கு?"

"இங்க பழகிட்டா அங்க தானா வருமுல்ல? மறுபடி மறந்து, வெள்ளைத்துரை அண்ணனுக்கு விருந்து வைக்கப் போறீங்களா?"

நியாயமாகத்தான் பட்டது. முதலில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கேட்டாள். சாதாரணமாகச் சொன்னேன், டீ வந்தது. அப்புறம் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேனே!"

"தாளிக்கிற சத்தத்துல கேக்கலியே."

உரக்கச் சொன்னேன். பிறகு மொட்டை மாடியில் வற்றல் காயப்போடப் போனாள். அடித்தொண்டையில் கத்தினேன். ஒரு நாள் அம்பு அத்தனையும் விட்டுவிட்டு டீக்குக் காத்திருக்கிறேன், ஆளையே காணோம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாள்.

"தெருக்கோடி மைதீன் பீவி வீட்டுல இருந்தேன். ஒண்ணுமே கேக்கலியே!"

"தெருக்கோடிக்கு எப்படிடி கேக்கும்?"

"அம்புட்டுப் பெரிய வில்லை இழுக்குறீங்க. இம்புட்டுச் சத்தம் வராதா?"

ஆண்பிள்ளையின் நெஞ்சு பலத்தைப் பற்றி ஒரு பெண் இப்படிக் கேட்டால் என்ன செய்வது? மறுநாள் தெருக்கோடிக்குக் கேட்டது. மைதீன் பீவியே சாட்சி சொல்லி அனுப்பினாள். வெள்ளைத்துரைதான் சுவருக்கு மேல் தலையை நீட்டினான்.

"பாய், என் கோழியெல்லாம் முட்டை விடுறதையே நிப்பாட்டிருச்சு. போன வருசம் மாதிரி மறந்துருங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

"நீ என்னத்தைப் பாத்துக்குவே?"

"மிளகு, சீரகம் எல்லாந்தான்."

இந்த நாக்கை வைத்துக்கொண்டு இவன் அறிவுரை சொல்கிறான்! எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் பழக்கம் ஊறிவிட்டது. என் ஜவுளிக்கடையில் துணி அளக்கக் கையை நீட்டி இழுத்தால்கூட, வாய் தானாக முழங்கும். கப்பலூரிலிருந்து சேலை எடுக்க வந்த ஒரு அம்மாள் மூட்டையைப் போட்டுவிட்டு நடுத்தெருவில் போய் நின்றாள்.

போகட்டும். ஐப்பசி மழை ஓய்ந்தபோது என் குறியில் பிசகே கிடையாது. சாக்கு முயலின் இடது காது என்றால் இடது காதுதான்.

தை வந்தது. வாடிப்பட்டியில் அறுத்த வயல். விடிகிற நேரம். வரப்போரம் கொழுகொழுவென்று ஒரு முயல் முன்னங்காலால் முகம் துடைத்துக்கொண்டிருந்தது. மச்சான் மூச்சை அடக்கினார். நாணைக் காதுவரை இழுத்தேன். மெதுவாக, மனசுக்குள், பிஸ்மில்லா சொன்னேன்.

விரல் விடவில்லை.

உதட்டளவில் சொல்லிப் பார்த்தேன். ம்ஹூம். ஒன்பது மாசமாக முழக்கம் கேட்டுத் திறந்த விரல்கள், முணுமுணுப்புக்குத் திறக்குமா? வேறு வழியில்லை, வாடிப்பட்டியே அதிர முழங்கினேன். அம்பு நேராகத்தான் போனது. முயல் இருந்த இடத்துக்கு. முயல் அதற்குள் சிறுமலை அடிவாரத்தில் இருந்திருக்கும். கொக்கும் கௌதாரியும் அதன் பின்னாலேயே போய்விட்டன.

"மாப்ள, வேட்டைக்கு வந்தீகளா, முயலுக்குச் சலாம் சொல்ல வந்தீகளா?"

அந்த அறுப்பு முழுக்க இதே கதைதான். கடைசி நாள் மச்சான் தலையில் அடித்துக்கொண்டார்.

"மெதுவாச் சொன்னாப் போதும் மாப்ள. மறந்து போனாக்கூட மன்னிப்பு உண்டு. கத்தித்தான் சொல்லணும்னு எந்த ஹஜ்ரத் சொன்னாரு?"

"உங்க தங்கச்சி."

மச்சான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள்தான் குலுங்கிக்கொண்டிருந்தது.

வெறுங்கையோடு வீடு திரும்பினேன். வில்லை மூலையில் சாத்திவிட்டு முகம் கழுவி வருவதற்குள், அது இரண்டாக ஒடிந்து அடுப்படியில் கிடந்தது. மேலே கத்தரிக்காய்க் குழம்பு கொதித்தது.

"மெஹரு, போன வருசம் நான் மறந்தது குத்தமே இல்லையாமே?"

"இல்லைதான்."

"அப்ப ஏண்டி ஆக்கலே?"

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். "அது குட்டி போட்ட முயலுங்க. மடியில பால் கட்டியிருந்துச்சு. அதை எப்படி நான் அரியுறது?"

எனக்குச் சுருக்கென்றது. "அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா, பொம்பளைக்கு வேட்டையப் பத்தி என்ன தெரியும்னு கேட்டிருப்பீங்க."

கேட்டிருப்பேன்தான். இருந்தாலும் தொண்டை கிழியக் கத்தியது ஆறவில்லையே!

"மெதுவாச் சொன்னாலே போதும்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

வில்லின் மறுபாதியை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டே அவள் சொன்னாள்:

"தெரியுமே. அல்லாவுக்கு மெதுவாச் சொன்னாலே கேட்டுரும். முயலுக்குத்தான் சத்தமாச் சொல்லணும்."